தேதி கேட்கும் கிருபை

வேலப்பன்சாவடிக்குப் புதிதாகக் குடிவரும் கிறிஸ்தவக் குடும்பத்துக்கு, பால்காரரும் தண்ணீர் லாரிக்காரரும் பழக்கமாகும் முன்பே ஒரு கேள்வி பழக்கமாகிவிடும். "நீங்க ரட்சிக்கப்பட்டிருக்கீங்களா?" கேட்பவர் நல்ல மனிதர்தான். கையில் வேதாகமம், தோள்பையில் கைப்பிரதி, பேச்சில் உண்மையான அக்கறை. "குழந்தையிலேயே ஞானஸ்நானம் ஆயிடுச்சுங்க, நாங்க ஆர்.சி." என்று பதில் வந்தால் அவர் முகத்தில் இரக்கம் படரும். சி.எஸ்.ஐ. என்றால் இரக்கம் கொஞ்சம் குறையும், போய்விடாது. அப்புறம் விளக்கம் தொடங்கும். ஆர்.சி.க்காரர்கள் கிரியையினால் மோட்சம் போகப் பார்ப்பவர்கள். பூசை, செபமாலை, பாவசங்கீர்த்தனம், நேர்ச்சை எல்லாமே மனிதனின் கிரியைகள். சி.எஸ்.ஐ. பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. ரட்சிப்போ கிருபையினால், விசுவாசத்தினால் மட்டும். ஆகவே தொட்டில் வயதில் தெளித்த தண்ணீர் கணக்கில் சேராது. மறுபடி முழுக்கு எடுக்க வேண்டும்.

மதுரவாயல் தொடங்கி ஆவடி வரை மாடி அறைகளிலும் தகரக் கொட்டகைகளிலும் கல்யாண மண்டபங்களிலும் ஞாயிறுதோறும் கேட்கும் பிரசங்கம் இது. கத்தோலிக்க இளைஞர்கள் பலரே இதைப் பாதி நம்பிவிட்டார்கள்; தம் சபை இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்லித் தருவார் இல்லை. நான் லுத்தரன் வீட்டில் பிறந்தவன். 'விசுவாசத்தினால் மட்டும்' என்பது எங்கள் பாட்டன் சொத்து. அந்தச் சொத்தைக் காட்டி ஆர்.சி.யை அடிக்கிறவர்கள் அதன் பத்திரத்தைப் படித்ததே இல்லை என்பதுதான் என் வழக்கு.

முதலில் கத்தோலிக்கர் மீதான குற்றச்சாட்டு. மனிதன் தன் முயற்சியால் கடவுளை நோக்கி முதல் அடி எடுத்து வைக்க முடியும் என்ற கருத்தை, பிரான்சின் ஒராஞ்ச் நகரில் 529-இல் கூடிய ஆயர்கள் மறுத்தார்கள். நம்ப வேண்டும் என்ற ஆசை எழுவதே அருளின் வேலை என்று தீர்த்துச் சொன்னார்கள். லுத்தர் பிறக்க இன்னும் 950 ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. லுத்தருக்கு எதிராகக் கூடிய திரிதெந்தின் சங்கமாவது கிரியையைத் தூக்கிப் பிடித்திருக்கும் என்று நினைப்பவர்கள், நீதிமானாக்கப்படுதல் பற்றி 1547 ஜனவரியில் அது வெளியிட்ட ஆவணத்தைப் பார்க்கலாம். அதன் முதல் கண்டனமே, கிறிஸ்துவின் வழியாக வரும் அருள் இல்லாமல் சொந்தக் கிரியையால் ஒருவன் நீதிமானாக முடியும் என்பவர்கள் மீதுதான். நீதிமானாவதற்கு முன்பு வருகிற எதுவும், அது விசுவாசமானாலும் சரி கிரியையானாலும் சரி, அந்த அருளைச் சம்பாதித்துத் தராது என்றும் அதே ஆவணம் சொல்கிறது. லுத்தருக்கும் திரிதெந்துக்கும் சண்டை இருந்தது, பெரிய சண்டைதான். அருள் மனிதனுக்குள் வந்து அவனை மாற்றுகிறதா, அல்லது வெளியில் நின்று அவனை நீதிமான் என்று அறிவிக்கிறதா? மாறிய மனிதன் செய்யும் நன்மைக்குக் கடவுள் முன் மதிப்பு உண்டா? இந்த இடங்களில்தான் மோதல். கிருபையா கிரியையா என்ற பட்டிமன்றத் தலைப்பில் அவர்கள் மோதவில்லை.

அந்த மோதலும் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் லுத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம் தகுதி எதையும் பார்த்து அன்று, அருளால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் கொள்ளும் விசுவாசத்தில் கடவுள் நம்மை ஏற்கிறார் என்பதை இருவரும் சேர்ந்து அறிக்கையிட்டார்கள். தரங்கம்பாடி வழிவந்த தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை அந்தச் சம்மேளனத்தின் உறுப்பு. 2006-இல் மெதடிஸ்டுகள் சேர்ந்தார்கள். 2016-இல் ஆங்கிலிக்கர்கள் அதன் சாரத்தை ஏற்றார்கள். 2017-இல் லுத்தர் வாழ்ந்து போதித்த விட்டன்பர்கிலேயே சீர்திருத்தச் சபைகளின் உலக ஐக்கியமும் இணைந்தது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் பிறந்த சி.எஸ்.ஐ.க்குள் கலந்த ஆங்கிலிக்க, மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரிய, காங்கிரிகேஷனல் மரபுகள் எல்லாம் இந்தப் பட்டியலுக்குள் வந்துவிடுகின்றன. பூந்தமல்லி சாலையில் கைப்பிரதி அச்சடிப்பவர்களுக்கு இன்னும் செய்தி எட்டவில்லை.

வைத வார்த்தைகளுக்கு நம் ஊரில் பஞ்சம் இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு லுத்தரின் சிறு ஞானோபதேசத்தைத் தமிழில் தந்தார். கத்தோலிக்கத் துறவி வீரமாமுனிவர் சும்மா இருப்பாரா? வேத விளக்கம், பேதகமறுத்தல் என்று லுத்தரன்களைப் போட்டு வாங்கினார். தமிழ் உரைநடை வளர்ந்ததில் இந்தச் சண்டைக்குப் பங்குண்டு. ஆனால் அவர்கள் எதிராளி எழுதியதைப் படித்துவிட்டுச் சண்டை போட்டார்கள்.

இனி தண்ணீருக்கு வருவோம். குழந்தைக்குக் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது, நம்பத் தெரியாத சிசுவுக்கு ரட்சிப்பு எப்படி வரும் என்கிறார்கள். இதைச் சொல்லும்போது லுத்தரையும் துணைக்கு அழைக்கிறார்கள். லுத்தர் என்ன செய்தார்? மறுஞானஸ்நானம் கொடுப்பவர்களை எதிர்த்து 1528-இல் தனியாகவே எழுதினார். மறு ஆண்டு வந்த அவருடைய பெரிய ஞானோபதேசம், ஞானஸ்நானம் நாம் செய்யும் கிரியையே அல்ல, கடவுள் நமக்குச் செய்யும் கிரியை என்று அடித்துச் சொல்கிறது. 1530-இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் முன் வாசிக்கப்பட்ட ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் ஒன்பதாம் பிரிவு, குழந்தைகளுக்கும் கொடுக்க வேண்டும் என்கிறது.

இது லுத்தரின் பழைய பழக்கம் விடாமல் ஒட்டிக்கொண்டதால் வந்ததன்று. அவருடைய முழு வாதமும் அந்தத் தொட்டிலில்தான் கிடக்கிறது. எதுவும் செய்யாத, எதுவும் தராத, பெயரைக்கூடத் தானாகத் தேர்ந்துகொள்ளாத ஒரு சிசுவைக் கடவுள் 'என் பிள்ளை' என்கிறாரே, கிருபைக்கு இதைவிட அப்பட்டமான காட்சி எது? இதற்கு மாறாக, நான் யோசித்தேன், நான் தீர்மானித்தேன், நான் முன்வந்து கையை உயர்த்தினேன், பிறகு நான் தண்ணீரில் இறங்கினேன் என்று வரிசை போட்டால் அந்த வரியில் எத்தனை 'நான்' என்று எண்ணிப் பாருங்கள். மன வளர்ச்சி குன்றிய பிள்ளையும், மறதி நோயில் சொந்த மகளையே அடையாளம் தெரியாத பாட்டியும் இந்த வரிசையில் எங்கே நிற்பார்கள்? கூரையைப் பிரித்துத் திமிர்வாதக்காரனை இறக்கிய கதையை மாற்கு சொல்கிறார். இயேசு பார்த்தது தூக்கி வந்தவர்களின் விசுவாசத்தை. மன்னிப்பு கிடைத்தது கட்டிலில் கிடந்தவனுக்கு.

விசுவாசத்தையே ஒரு கிரியையாக மாற்றிவிட முடியும் என்பதை இந்தப் பிரசங்கிகள் கவனிக்கவில்லை. நம் பகுதியில் அது எப்போதோ நடந்துவிட்டது. வேலப்பன்சாவடியில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் இன்னும் பல. படுக்கையருகே ஜெபிக்க வருகிறவர்களுக்குக் குறைவில்லை, அவர்களில் பெரும்பாலோர் அன்பினால் வருகிறார்கள். ஆனால் ஜெபித்தும் நோய் போகவில்லை என்றால் சில இடங்களில் அடுத்து வரும் பேச்சைக் கேட்டவர்களுக்குத் தெரியும்: "உங்க விசுவாசத்துல எங்கியோ குறை இருக்கு. நல்லா ஆராய்ஞ்சு பாருங்க." கீமோதெரபியில் முடி உதிர்ந்து கிடக்கும் பெண் இனி தன் மனசையும் தராசில் ஏற்ற வேண்டும். நான் போதிய அளவு நம்பினேனா? சந்தேகம் ஒரு துளி கலந்துவிட்டதா? செபமாலை சொல்கிறவருக்கு ஐந்து பத்து மணி முடிந்தால் முடிந்தது என்று தெரியும். இந்தக் கேள்விக்கு முடிவு எங்கே இருக்கிறது?

எர்ஃபுர்ட் மடத்தில் இளம் துறவி லுத்தரை வதைத்தது இதே கேள்விதான். மணிக்கணக்காகப் பாவசங்கீர்த்தனம் செய்தார். செய்துவிட்டு வந்த பிறகு, என் மனஸ்தாபம் உண்மையானதா, போதுமானதா என்று மறுபடி போய் நின்றார். அவருடைய ஞானகுரு ஸ்டாப்பிட்ஸ் சலித்தே போனார். அந்த வதையிலிருந்து அவரை விடுவித்தது உள்ளேயிருந்து ஊறிய ஓர் உணர்ச்சி அன்று. வெளியிலிருந்து, இன்னொரு வாயிலிருந்து, காதில் விழுந்த மன்னிப்பின் சொல். தலையில் ஊற்றப்பட்ட தண்ணீர். கையில் வைக்கப்பட்ட அப்பம். அருளடையாளங்களை அவர் விடாமல் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான். உள்ளம் ஏமாற்றும், தண்ணீர் ஏமாற்றாது. அவர் எந்தக் கிணற்றிலிருந்து ஏறி வந்தாரோ அதே கிணற்றுக்குள் அவர் பேரைச் சொல்லியே ஆட்களை இறக்குகிறார்கள். ரட்சிப்பின் தேதி சொல், சாட்சி சொல், அந்நிய பாஷை பேசு, நகையைக் கழற்று, தசமபாகத்தில் பாக்கி வைக்காதே, விதைப்புக் காணிக்கை போட்டால் அறுவடை வரும். இத்தனையும் கேட்டுவிட்டு, ஆர்.சி.க்காரர்கள் கிரியைக்காரர்கள் என்று சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும். 1517-இல் டெட்செல் என்ற துறவி பாவத் தண்டனைக் குறைப்புச் சீட்டு விற்றதைத் திட்டி முடித்த அதே கூட்டத்தில், காணிக்கைப் பைக்கு முன் 'விதைத்தவனுக்கே ஆசீர்வாதம்' என்று பேசுவதும் அதே வகைத் துணிச்சல்தான்.

தமிழ்நாட்டுக்கு இந்த விவாதம் கப்பலில் வந்து இறங்கிய ஒன்றும் இல்லை. வேலப்பன்சாவடியிலிருந்து சில கிலோமீட்டர் மேற்கே போனால் பூந்தமல்லி. திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர் என்று வைணவ மரபு அதைக் கொண்டாடுகிறது. காஞ்சி வரதருக்கு ஆலவட்டம் வீசிய அவர், இராமானுசரின் ஐயங்களுக்குப் பெருமாளிடம் விடை வாங்கித் தந்தார் என்பது குருபரம்பரைக் கதை. அந்த ஆறு விடைகளில் ஒன்று, சரணாகதியே வழி என்பது. இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது: சரணடைந்தவன் சாகும் தறுவாயில் இறைவனை நினைக்க முடியாமல் போனாலும் பாதகமில்லை. மனத்தின் கடைசி நேர வலிமையில் முக்தியைத் தொங்கவிட வேண்டாம் என்கிறது அந்த விடை. பின்னால் வடகலையும் தென்கலையும் குரங்குக்குட்டியா பூனைக்குட்டியா என்று வாதாடின. தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குட்டியா, தாய் வாயில் கவ்வித் தூக்கிப் போகும் குட்டியா என்பது கேள்வி. இதைப் பார்த்து அசந்துபோன ஜெர்மானிய லுத்தரன் அறிஞர் ருடால்ஃப் ஓட்டோ, இந்தியாவின் அருள் சமயம் என்று 1930-இல் ஒரு நூலே எழுதினார். முடிவில் கிறிஸ்தவம்தான் உயர்ந்தது என்று தீர்ப்புச் சொன்னார். அது அவர் பாடு. நான் சொல்ல வருவது, அருளைப் பற்றி இவ்வளவு நுட்பமாக யோசித்த ஊரில், 'நீ எவ்வளவு இறுக்கமாகப் பற்றினாய், எந்தத் தேதியில் பற்றினாய்' என்று கேட்டுவிட்டு அதற்குக் கிருபை என்று பெயர் வைப்பது தமிழ்க் காதுக்கு எடுபடக் கூடாது.

அருளடையாளங்கள் குருவானவரின் மந்திர வித்தை, மனிதனை நம்பும் மதம் அது, என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. உண்மை நேர் எதிரானது. நான்காம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவில், வதைக்காலத்தில் வேதப் புத்தகங்களைக் காட்டிக்கொடுத்த குருக்களின் கையால் நடந்த சடங்கு செல்லாது என்று தொனாத்தியர்கள் பிரிந்து போனார்கள். அகுஸ்தினார் அவர்களை மறுத்தார். கொடுப்பவர் கிறிஸ்து, குரு அவருக்குக் கை மட்டும், கை அழுக்கானது என்பதால் கொடை அழுக்காகாது என்பது அவர் வாதம். இதைத்தான் கத்தோலிக்கம் இன்றும் போதிக்கிறது. எந்த அளவுக்கு என்றால், சாகக் கிடக்கும் ஒருவர் கேட்டு, அவசரத்துக்கு ஒரு இந்து நர்ஸ், திருச்சபை செய்வதையே செய்யும் எண்ணத்தோடு தண்ணீர் ஊற்றித் தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் திருமுழுக்குக் கொடுத்தாலும் அது செல்லும். இப்போது மறுபக்கம் பாருங்கள். எந்த ஊழியரின் அபிஷேகம் பெரிது, யார் கைவைத்தால் வல்லமை இறங்கும், யாருடைய கூட்டத்தில் முன்வரிசை கிடைக்கும் என்ற ஓட்டம். மனிதனை நம்புவது எந்தப் பக்கம்?

பூசைக்குப் போய்ப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். நற்கருணை வாங்குவதற்குச் சற்று முன் எல்லாரும், நூற்றுவர் தலைவன் சொன்னதுபோல, நீர் என் வீட்டுக்குள் வர நான் தகுதியற்றவன் என்று சொல்கிறார்கள். தகுதி இல்லை என்று வாய்விட்டுச் சொன்ன பிறகே கை நீள்கிறது. வெறுங்கையில்தான் அப்பம் வைக்க முடியும்.

கத்தோலிக்கப் பக்கம் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. வேளாங்கண்ணிக்கு நடந்து வருகிறேன், விசா வாங்கிக் கொடு என்ற பேரம் நடக்கிறது. பூசைக் கருத்துக்குக் கொடுக்கும் பணத்தை விலை என்று நினைக்கிற மக்கள் இருக்கிறார்கள். அப்படி நினைக்கவிடுகிற பங்குகளும் இருக்கின்றன. மறைக்கல்வி திருமணத்துக்கு முந்தின வாரச் சடங்காகச் சுருங்கியிருக்கிறது. இதைக் கண்டிப்பவர்களோடு நானும் சேர்ந்துகொள்வேன். ஆனால் மக்கள் செய்யும் பேரத்தைத் திருச்சபையின் போதனை என்று காட்டுவது நேர்மையன்று. தனிச்சபைகளில் நடக்கும் பேரத்தைக் காட்டி லுத்தரை யாராவது தூற்றினால் நான் சும்மா இருப்பேனா?

வாதம் எல்லாம் தீர்ந்த பிறகு சிலுவையில் தொங்கிய கள்ளனைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அவன் ஞானஸ்நானம் எடுத்தானா, நற்கிரியை செய்தானா? கடவுள் மீட்பைத் திருமுழுக்கோடு கட்டினார், தம்மை அதற்குள் கட்டிப்போடவில்லை என்று கத்தோலிக்க மறைக்கல்வி நூலே சொல்கிறது. ஆசைப்பட்டும் தண்ணீர் கிடைக்காமல் இறந்தவர்களுக்கு அந்த ஆசையே போதும் என்பது பழைய போதனை. கிரியை விஷயத்திலும் அவனைக் குறைத்துப் பேசுகிறார்கள். கையும் காலும் ஆணியில் இருந்தன. நாக்கு மட்டும் மிச்சம். அந்த நாக்கால் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டான், பழிக்கிறவனை அதட்டினான், சீடர்கள் ஓடிப்போன நேரத்தில் நிரபராதிக்குச் சாட்சி சொன்னான். மிச்சமிருந்த வாழ்நாளில் அவ்வளவு செய்தவர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள்.

எபேசியர் இரண்டாம் அதிகாரத்தின் எட்டு, ஒன்பது வசனங்கள் கைப்பிரதிகளில் தவறாமல் வரும். பத்தாம் வசனம் வருவதில்லை. நற்கிரியைகளைச் செய்வதற்கென்றே படைக்கப்பட்டோம் என்று பவுல் அங்கே வாக்கியத்தை முடிக்கிறார். யாக்கோபின் கதியும் அதுதான். விசுவாசத்தினால் மட்டும் என்ற சொற்கள் சேர்ந்து வருகிற ஒரே இடம் அவருடைய இரண்டாம் அதிகாரம்; அங்கே அது மறுக்கப்படுவதற்காக வருகிறது. லுத்தருக்கே அந்த நிருபம் பிடிக்கவில்லை. 1522-இல் தம் புதிய ஏற்பாட்டின் பின்பக்கம் தள்ளினார். என் முன்னோடியின் இந்த வேலையை நான் ஆதரிக்கப் போவதில்லை. அந்த அதிகாரம் எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். கூட்டத்துக்குள் பொன்மோதிரக்காரன் வந்தால் நல்ல இடத்தில் உட்கார வைக்கிறீர்கள், ஏழை வந்தால் அங்கே நில் என்கிறீர்கள் என்று யார் எங்கே உட்காருவது என்பதில்தான் தொடங்குகிறது. விசுவாசமா கிரியையா என்ற கேள்வியே உட்காரும் இடத்தைப் பற்றிய கேள்வியிலிருந்து முளைத்தது.

தமிழ்க் கிறிஸ்தவத்தில் அந்தக் கேள்விக்கு என்ன பதில் கிடைத்தது என்பது ஊரறிந்தது. 'விசுவாசத்தினால் மட்டும்' என்று பாடிய லுத்தரன், ஆங்கிலிக்க சபைகளில் சாதிக்கொரு பாய் இருந்தது. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சாதிப் பிரிவு சபைக்குள் கூடாது என்று கட்டளையிட்டபோது வேப்பேரியும் தஞ்சாவூரும் கொதித்தன. அதற்கு முன்பே தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், அவ்வளவு பெரிய பக்திப் பாவலர், பிரிந்து உட்காருவதற்காக வாதாடி எழுதியிருந்தார். கத்தோலிக்க வடக்கன்குளத்தில் கோயிலையே கால்சட்டை மாதிரி இரண்டு கூடமாகக் கட்டினார்கள். நடுச்சுவர் 1910-இல்தான் இடிந்தது. 2008-இல் எறையூரில் கத்தோலிக்கருக்குள்ளேயே சாதி மோதல் வெடித்துப் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போனது. அருளடையாளம் ஏழும் வைத்திருந்த சபையிலும் இது நடந்தது. அருள் மட்டும் போதும் என்ற சபையிலும் நடந்தது. அப்பத்தை ஒரே தட்டிலிருந்து எடுத்துவிட்டுக் கல்லறையைப் பிரித்துக்கொண்டால், வாங்கிய அருள் எங்கே போய்த் தங்கியது என்று யாக்கோபு கேட்பார். சாதி பாராமல் பூந்தமல்லி நம்பியைத் தம் வீட்டுக்கு அழைத்து, அவர் உண்ட இலையின் மிச்சத்தை உண்ண ஆசைப்பட்ட இராமானுசருக்கும் இந்தச் சாதிதான் குறுக்கே வந்தது. அவர் திரும்பி வருவதற்குள் மனைவி இலையை எறிந்து இடத்தைக் கழுவிவிட்டிருந்தார்.

மாடி அறைச் சபைகளுக்கு ஒரு நியாயம் செய்ய வேண்டும். பெரிய சபைகளின் பெஞ்சில் இடம் கிடைக்காத பலருக்கு அங்கே ஒரே பாயில் இடம் கிடைத்தது. தலித் ஊழியரின் கையால் எல்லாரும் அப்பம் வாங்குகிறார்கள். மறுஞானஸ்நானத்தைவிட, அந்நிய பாஷையைவிட, இதைத்தான் நான் அவர்களிடம் மதிக்கிறேன். ஆனால் அந்தச் சபைகளைச் சேர்ந்தவர்களின் வரன் விளம்பரங்களைப் படித்துப் பாருங்கள். 'ரட்சிக்கப்பட்ட, அபிஷேகம் பெற்ற மணமகன் தேவை' என்று தொடங்கும். அடுத்த வரியில் சாதிப் பெயர், சில சமயம் உட்பிரிவோடு.